ஆம்புலன்ஸில் ஏறும் சிரிஞ்ச் பம்ப்பைச் சோதித்த பதிவு

சென்ற சித்திரையில் கும்பகோணத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து நான்கு சிரிஞ்ச் பம்ப்புகள் என் பட்டறைக்கு வந்தன. சிரிஞ்சில் நிரப்பிய மருந்தை மிக மெதுவாகத் தள்ளி நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் கருவி இது. நான்கும் ஒரே மாடல். கைப்பிடியும் உள்ளே பேட்டரியும் கொண்ட, நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது கூடவே எடுத்துச் செல்லத்தக்க வகை. தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த செவிலியர் முந்தைய நாளே தொலைபேசியில் புகாரைச் சொல்லியிருந்தார். "சார், வார்டுல ஓடுறவரைக்கும் ஒரு குறையும் இல்ல. தஞ்சாவூருக்கு அனுப்பும்போது வண்டியில மாட்டினா பிபி திடீர்னு ஏறுது, கொஞ்ச நேரத்துல கீழே இறங்குது. மூணாம் நம்பர் மெஷின்லதான் இது அதிகம். அலாரமும் அடிக்க மாட்டேங்குது."

ஓடிக்கொண்டிருந்த மருந்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின். உடலுக்குள் போன சுமார் இரண்டு நிமிடங்களில் பாதி வீரியம் கரைந்துவிடும் மருந்து அது. ஆகையால் பம்ப் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் இரத்த அழுத்தம் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நான்கு பம்ப்புகளின் மேலும் அந்த ஆண்டுக்கான அளவீட்டுச் சான்று ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெளியேறிய நீரை அளந்து, பிழை இரண்டு விழுக்காட்டுக்குள் என்று குறித்திருந்தார்கள். அந்தச் சோதனையை நான் மறுபடி செய்தபோது மூன்றாம் எண் பம்ப் எனக்கும் அதே விடையைத்தான் தந்தது. ஒரு மணி நேரச் சராசரி என்பது ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனதையும் அடுத்த ஐந்து நிமிடம் போகாமல் நின்றதையும் ஒன்றோடொன்று கழித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடும்.

இந்தக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-2-24 என்னும் பன்னாட்டுத் தரநிலை, சராசரியை மட்டும் நம்புவதில்லை. அரை நிமிடத்திற்கு ஒரு முறை எடையைக் குறித்து, 2, 5, 11, 19, 31 நிமிட இடைவெளிகளில் ஒவ்வொன்றிலும் பிழை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கச் சொல்கிறது. வரைந்து பார்த்தால் குறுகிய இடைவெளியில் அகன்றும் நீண்ட இடைவெளியில் ஒடுங்கியும் எக்காளத்தின் வாய் போல இருக்கும். அப்படி ஒரு வரைபடத்தை முதலில் எடுப்பது, பிறகு அதே பம்ப்பை வண்டியில் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. மருத்துவமனையில் பயன்படும் 50 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் 26.7 மி.மீ.; எனவே பிளஞ்சரின், அதாவது சிரிஞ்சுக்குள் மருந்தைத் தள்ளும் தண்டின், முகப்பரப்பு ஏறத்தாழ 560 சதுர மி.மீ. மணிக்கு 2 மி.லி. என்ற வேகத்தில் பிளஞ்சர் ஒரு மணி நேரத்தில் 3.6 மி.மீ. மட்டுமே நகர்கிறது. ஒரு பொன்னி அரிசியின் நீளம்கூட அல்ல. இவ்வளவு மெதுவாக நகரும் ஒன்றில், எங்காவது கால் மி.மீ. தளர்வு இருந்தால்கூட அது நிமிடக் கணக்கில் தெரியும்.

எடை பார்க்க ஆய்வகத் தராசு என்னிடம் இல்லை. பெரிய கடைத்தெருவில் நகை வேலை செய்யும் நண்பரிடமிருந்து 100 கிராம் வரை ஒரு மில்லிகிராம் நுட்பத்தில் காட்டும் தராசை இரவல் வாங்கினேன். இந்தத் தராசு எனக்கு இரண்டு நாளை வீணாக்கியது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள், மணிக்கு 1 மி.லி. வேகத்தில் பம்ப் ஓடுகிறது, குழாயின் நுனி பீக்கரின் நீருக்குள் இருக்கிறது, தராசு மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பம்ப் பழுது என்று நினைத்துக் கழற்றவே தொடங்கிவிட்டேன். உண்மையில் தராசுதான் நீரை விழுங்கிக்கொண்டிருந்தது. தூசியாலும் வெப்பத்தாலும் பூஜ்யம் மெல்ல விலகுவதைத் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி இத்தகைய தராசுகளில் உண்டு. மணிக்கு 1 மி.லி. என்பது நொடிக்கு 0.28 மில்லிகிராம், அவ்வளவு மெதுவாக ஏறும் எடையை அது பூஜ்ய விலகல் என்று எடுத்துக்கொண்டு திருத்திக்கொண்டே போகிறது. பூஜ்யமாக்கிய பிறகு ஒரு 20 கிராம் படிக்கல்லைத் தட்டில் வைத்து, 20.000 என்ற எண்ணிலிருந்து தொடங்கியதும் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாம் நாள் எல்லாப் பம்ப்புகளும் குறைவாகவே தந்தன. பம்ப்பே இல்லாமல் வெறும் பீக்கரை வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மின்விசிறி சுற்றும் சித்திரை மாதப் பட்டறையில், மணிக்கு 0.16 கிராம் நீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. மணிக்கு 1 மி.லி. ஓட்டத்தில் அது மட்டுமே 16 விழுக்காட்டுப் பிழை. பீக்கரின் நீர்மேல் விரல்கடை உயரத்திற்குத் திரவ பாரஃபின் ஊற்றி, குழாய் நுனியை அதற்கும் கீழே நீருக்குள் அமிழ்த்தி, தராசைக் கண்ணாடிப் பெட்டியால் மூடினேன். நீருக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்த டிஸ்டில்ட் வாட்டர். கொதிக்கவைக்காவிட்டால் கரைந்திருக்கும் காற்று சிரிஞ்சுக்குள் குமிழாகச் சேர்ந்து பஞ்சு போல அமுங்கி விரியும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு மி.லி. நீரின் எடை 0.9957 கிராம் என்ற திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன், இத்தனை பெரிய பிழைகளுக்கு நடுவில் அது பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை என்றாலும்.

இந்த ஏற்பாட்டில் மணிக்கு 2 மி.லி. என்று அமைத்து ஓட்டியபோது, இரண்டு, மூன்று, நான்காம் எண்கள் ஒழுங்காக இருந்தன. முதலாம் எண் மட்டும் 2.38 மி.லி. தந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், அதுவும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக. இவ்வளவு சீரான பிழையை இயந்திரத் தேய்மானம் தராது என்பதால் சிரிஞ்சைக் கழற்றி வெர்னியரால் அளந்தேன், உள்விட்டம் 29.1 மி.மீ. மற்ற மூன்று பம்ப்புகளோடு வந்த சிரிஞ்சுகள் 26.7 மி.மீ. இரண்டும் 50 மி.லி. தான், ஆனால் வேறு வேறு தயாரிப்பாளர்களுடையவை. பம்ப்பின் பட்டியலில் எந்தத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அதன் விட்டத்தை வைத்துத்தான் மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கருவி கணக்கிடுகிறது. விட்டங்களின் விகிதத்தை வர்க்கமாக்கினால் 1.19 வருகிறது, பிழை அப்படியே கிடைத்துவிட்டது. பம்ப்பில் ஒரு பழுதும் இல்லை. எது மலிவோ அந்த சிரிஞ்சை மாதம் ஒன்றாக வாங்கும் மருந்துக்கிடங்கில்தான் பழுது. ஒரே தயாரிப்பை மட்டும் வாங்குங்கள், முடியாவிட்டால் வேறு தயாரிப்பு வந்த அன்றே எல்லாப் பம்ப்புகளிலும் பட்டியலை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நான் கண்ட கோளாறுகளில் அளவில் பெரியது இதுதான். ஆனால் என்னிடம் வந்த புகார் இதைப் பற்றியதல்ல.

மருந்து போகும் வழி அடைபட்டால் அலாரம் எப்போது அடிக்கிறது என்று பார்க்கும் அடைப்புச் சோதனையையும் செய்தேன். குழாயின் முடிவில் த்ரீவே என்னும் மூன்று வழித் திருகு வைத்து, ஒரு பக்கம் அழுத்தமானியைப் பொருத்தி, வழியை மூடினேன். மணிக்கு 5 மி.லி. வேகத்தில், எச்சரிக்கை எல்லை 600 மி.மீ. பாதரசம் என்று இருந்தபோது, அலாரம் அடிக்க 14 நிமிடம் ஆயிற்று. அதுவரை மோட்டார் தள்ளிய 1.2 மி.லி. அளவு ரப்பர் முனையும் குழாயும் விரிந்த இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. த்ரீவேயை அப்படியே திறந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் நோயாளிக்குள் போகும். எல்லையை 300க்கு இறக்கியதும் காத்திருப்பு, தேங்கும் அளவு இரண்டும் ஏறத்தாழப் பாதியாயின. அடைப்பு அலாரம் அடித்தால் முதலில் நோயாளியின் பக்கத்தை மூடி, தேங்கிய அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் வழியைத் திறக்க வேண்டும். அனுபவமுள்ள செவிலியர்களுக்கு இது கைப்பழக்கம்; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருவர் செய்து காட்ட வேண்டும்.

மூன்றாம் எண் இதிலும் தேறியது. மேசைமேல் அதற்குக் கொடுக்க என்னிடம் வேறு பரீட்சை இல்லாமல் போனது.

எனவே மருத்துவமனையின் அனுமதியோடு, நோயாளி இல்லாத நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏறினேன். ஓடும் வண்டியில் தராசு உதவாது. அதற்குப் பதிலாக 1 மி.லி. கண்ணாடிப் பிப்பெட் ஒன்றைப் படுக்கையின் ஓரத்தில், நோயாளியின் நெஞ்சு இருக்கும் உயரத்தில், கிடைமட்டமாக பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பம்ப்பின் குழாயை அதில் இணைத்தேன். பிப்பெட்டில் நூறு கோடுகள். ஒரு கோடு 0.01 மி.லி. மணிக்கு 2 மி.லி. வேகத்தில் நீரின் விளிம்பு ஒரு கோட்டைக் கடக்க 18 நொடி ஆக வேண்டும். ஒரு பிப்பெட் அரை மணி நேரம்தான் தாங்கும் என்பதால் பக்கத்திலேயே இரண்டாவதை ஒட்டி, த்ரீவேயால் மாற்றிக்கொள்ள வழி செய்திருந்தேன். பம்ப்பை ஓட்டுநர் வழக்கமாக மாட்டும் கம்பியிலேயே மாட்டச் சொன்னேன். அது நெஞ்சு உயரத்திலிருந்து 60 செ.மீ. மேலே இருந்தது.

தாராசுரம் தாண்டும்வரை விளிம்பு கடிகாரம் போல நகர்ந்தது. பிரேக் போடும்போது ஓரிரு கோடு முன்னே போய்த் திரும்பி வந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. பாபநாசத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கி இறங்கிய அந்தக் கணத்தில் நீர் விளிம்பு 31ஆம் கோட்டிலிருந்து 47க்குத் தாவியது. தாவியது திரும்பவில்லை. அங்கேயே நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலே முக்கால் நிமிடம் அது அசையவில்லை. பம்ப்பின் திரையில் மணிக்கு 2.0 என்ற எண் நிதானமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒன்றுமே நடவாதது போல மறுபடி 18 நொடிக்கு ஒரு கோடு. ஏறிய பிபி, பின்பு இறங்கிய பிபி, அடிக்காத அலாரம் என்று செவிலியர் சொன்ன மூன்றுமே அந்தக் கண்ணாடிக் குழாயில் தெரிந்தன.

பட்டறைக்குத் திரும்பியதும் பிளஞ்சரின் பின்தட்டைப் பார்த்தேன். சிரிஞ்சின் பிளஞ்சர் முனையில் கட்டைவிரல் வைத்து அழுத்தும் வட்டத்தட்டு இருக்கிறதல்லவா, அதைப் பம்ப்பின் தள்ளும் தலை பின்னாலிருந்து தள்ளுகிறது. அது தானாக முன்னே ஓடிவிடாதபடி நண்டுக்கால் போன்ற இரண்டு பிடிகள் முன்பக்கத்திலிருந்து பற்றிக்கொள்கின்றன. மூன்றாம் எண்ணில் இந்தப் பிடிகளின் உள்முனை தேய்ந்திருந்தது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. எதிர்க்கடை இருசக்கர வாகன மெக்கானிக் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜை வாங்கி நுழைத்துப் பார்த்தால், 0.30 மி.மீ. தகடு தாராளமாகப் போகிறது. 560 சதுர மி.மீ. பரப்பில் 0.30 மி.மீ. என்பது 0.168 மி.லி. பிப்பெட்டில் தாவிய 16 கோடுகளும், நின்றுபோன ஐந்து நிமிடமும் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டன.

ஆனால் மேசையில் ஏன் தாவவில்லை? அறுபது செ.மீ. உயரத்தில் இருக்கும் பம்ப்பின் பிளஞ்சரை, கீழே தொங்கும் நீர்த்தம்பம் சுமார் 335 கிராம் விசையோடு முன்னே இழுக்கிறது. ரப்பர் முனை சிரிஞ்சின் சுவரைப் பிடித்திருக்கும் உராய்வை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தேன்; 700 கிராம் வந்தது. அசையாத மேசையில் உராய்வு வெல்கிறது. குலுங்கும் வண்டியில் உராய்வு கணநேரம் கைவிடும்போது பிளஞ்சர் பிடிகளில் போய் முட்டும்வரை முன்னே நழுவுகிறது. அதன் பிறகு தள்ளும் தலை அந்த இடைவெளியைக் கடந்து தட்டை மறுபடி தொடும்வரை மருந்து போவதில்லை.

இதை ஊகமாக விட்டுவிட மனமில்லை. குலுக்கலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "நம்ம வீட்டு கிரைண்டரைக் கொண்டாரவா அண்ணே, ஓடுனா மேடையே ஆடும்" என்றான் உதவிக்கு இருக்கும் பையன். விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, நான் உடனே சரி என்றுவிட்டேன். நீளமான பலகையின் ஒரு முனையில் டேபிள் டாப் கிரைண்டர், மறுமுனையில் ஐவி ஸ்டாண்டும் பம்ப்பும். தராசு அவற்றைத் தொடாமல் தனியாகக் கல் திண்ணையில். பம்ப் பீக்கரின் மட்டத்தில், கிரைண்டர் ஓடுகிறது: பத்து ஓட்டத்திலும் தாவல் இல்லை. பம்ப் 60 செ.மீ. உயரத்தில், கிரைண்டர் நிற்கிறது: பத்திலும் இல்லை. உயரமும் குலுக்கலும் சேர்ந்தபோது பத்தில் ஏழு முறை தாவியது. இரண்டு, நான்காம் எண்களில் பிடியின் இடைவெளி 0.10 மி.மீ. மட்டுமே; அவற்றிலும் தாவல் உண்டு, ஆனால் ஐந்தாறு கோடு அளவுதான், நிற்பதும் ஒன்றரை நிமிடம் சொச்சம். வார்டில் யாரும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

பிடிகளையும் ஸ்பிரிங்கையும் தயாரிப்பாளரிடமிருந்தே வரவழைத்து மாற்றினேன். தேய்ந்த முனையில் பற்றவைத்து அரத்தால் ராவிச் சரிசெய்ய எனக்குத் தெரியும். டிராக்டர் பாகமாக இருந்திருந்தால் செய்தும் இருப்பேன். பிரித்தபோது தள்ளும் தலையை நகர்த்தும் திருகுத்தண்டில் காய்ந்த குளூக்கோஸ் பாகு போல ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, கையேட்டில் சொல்லியிருந்த கிரீஸை மட்டும் தடவினேன். சேர்த்த பிறகு இடைவெளி 0.05 மி.மீ. கிரைண்டர் பலகையில் மறுபடி பத்து ஓட்டம்: அதிகபட்சத் தாவல் மூன்று கோடு, நின்ற நேரம் ஒரு நிமிடத்துக்குள்.

நான்காம் எண்ணின் குறை பேட்டரியில் இருந்தது. மணிக்கு 5 மி.லி. ஓட்டத்தில் ஐந்து மணி நேரம் தாங்கும் என்று கையேடு சொல்கிறது. அது ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் அணைந்தது. அணைவதற்கு ஆறு நிமிடம் முன்புதான் எச்சரித்தது. தஞ்சாவூர் போய்ச் சேர இது போதும் என்று ஒருவர் சொன்னார். இரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாத ஊரில் அது போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு, நாள்கணக்கில் மின்சாரமில்லாத ஊர்களைப் பார்த்தவன் நான்; அன்று முதல், பேட்டரியை முழுதாக ஏற்றி முழுதாகத் தீரவிட்டு நேரம் பார்க்காமல் எந்தக் கையடக்கப் பம்ப்பையும் திருப்பிக் கொடுப்பதில்லை. பேட்டரித் தொகுப்பில் ஒரு செல் மற்றவற்றுக்கு முன்பே சரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு செல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால் செலவு குறையும் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். மறுத்துவிட்டு முழுத் தொகுப்பையும் மாற்றினேன். இப்போது நாலரை மணி நேரம் ஓடுகிறது, எச்சரிக்கையும் நாற்பது நிமிடம் முன்பே வருகிறது.

இத்தகைய குறைகள் காவிரிக் கரைக்கு மட்டும் உரியவை அல்ல. 2005 முதல் 2009 வரையிலான ஐந்தாண்டுகளில் மருந்து செலுத்தும் பம்ப்புகள் பற்றித் தனக்கு ஏறத்தாழ 56,000 பாதகச் சம்பவ அறிக்கைகள் வந்ததாகவும், 87 முறை கருவிகள் திரும்பப் பெறப்பட்டதாகவும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் தெரிவித்தது. நம் நாட்டிலும் மருத்துவக் கருவிகளால் நேரும் பாதகங்களைத் தெரிவிப்பதற்கென்றே ஒரு திட்டம் 2015 ஜூலையில் தொடங்கி, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. மூன்றாம் எண்ணின் கதையை அங்கே அனுப்பும்படி மருத்துவமனையைக் கேட்டுக்கொண்டு, பிப்பெட் குறிப்புகளையும் ஃபீலர் கேஜ் அளவுகளையும் சேர்த்துக் கொடுத்தேன். யாரைக் குறை சொல்வது என்ற பேச்சு வந்ததால் அது ஒரு வாரம் தாமதமானது, பின்பு அனுப்பிவிட்டார்கள்.

கடைசி வேலையை வெல்டர் செய்தார். ஆம்புலன்ஸில் பம்ப் மாட்டும் கம்பியை மேலிருந்து அறுத்து, படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிப் பக்கச் சட்டத்தில் பற்றவைத்தார். அதன் பிறகு மூன்றாம் எண்ணோடு மறுபடி பாபநாசம் வரை போய்வந்தேன். அதே வேகத்தடையில் நீர் விளிம்பு ஒரு கோடு முன்னே போய், ஒரு கோடு பின்னே வந்து, தன் 18 நொடிக் கணக்கைத் தொடர்ந்தது. ஓட்டுநருக்கு மட்டும் வருத்தம். ஸ்டிரெச்சரை ஏற்றும்போது புதுக் கம்பி முழங்கையில் இடிக்கிறதாம். அதன் முனையில் ஒரு ரப்பர் குமிழ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.